மெல்லிசு டேப்பு

பம்பு செய்யும் பட்டறை மூன்று, பவுண்டரி ஒன்று, உக்கடத்தில் நாலு மாடிக் கட்டடம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் தனியாளாகக் கட்டியவை. என் தீர்மானம் எதுவும் தப்பியதில்லை என்றே சொல்லிவந்தேன், காந்திபுரத்துக் கடையில் அப்பா குரல் பதிந்த அந்தப் பழைய டேப்பு ஓடும் வரை.

"பென்டிரைவ் போதுங்களா, ஹார்ட்டிஸ்க்குலயும் போடட்டுங்களா?" என்றான் கடைக்காரப் பையன். டேப்பிலிருந்து புளித்த வாடை வந்தது.

அறுபதுகளில் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. அறுத்தால் குரல் போய்விடும் என்றார்கள். ரேடியோக் கடை மாமா ரெக்கார்டரைத் தூக்கி வந்தார். அம்மா அழுதுகொண்டிருந்ததால், எட்டு வயதான என்னைக் கேட்டார்.

"கனமான டேப்பு அரை மணிதான், ஆனா ரொம்ப நாள் நிக்கும். மெல்லிசு ஒரு மணி ஓடும். எது கண்ணு?"

அப்பா எங்களை அதட்டத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். "மெல்லிசே போடுங்க மாமா" என்றேன்.

"எம்பட வாயை அளந்து வெச்சிருக்கான் பாரு" என்று அப்பா சிரித்தார். வெந்நீர் குடித்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் விடும் முறை நாளைப் பற்றியும் காளைக்கன்றைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினார். பிறகு கையை ஆட்டி நிறுத்திவிட்டார். மீதி டேப்பு சும்மா ஓடியது.

மெல்லிசில் ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளுமாம். இப்போது அப்பாவின் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் அதே சொல் மங்கலாகக் கேட்கிறது.

"இதைச் சுத்தம் பண்ண முடியாதுங்க ஐயா" என்றான் பையன்.

பென்டிரைவ், ஹார்ட்டிஸ்க் இரண்டிலும் ஏற்றச் சொன்னேன். பேசியவர் என்று அப்பா பெயரையும், பதிவு செய்தவர் என்று மாமா பெயரையும் நான் சொல்லச் சொல்ல உறைமேல் எழுதினான்.

"எம்பட பேரையும் எழுது தம்பி. டேப்பைத் தேர்ந்தெடுத்தவன்னு எழுது."