தறிக்குடோனில் கேட்காத பெயர்

டீச்சர். முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். சன்னலோரம் மூக்கொழுகும் ஒரு பையன். அவனுக்குப் பக்கத்தில் என் மகள். கடைசியில், சுவரோடு ஒட்டி, நான்.

தொண்ணூற்று நான்காம் வருடம். சூலூர்ப் பக்கம் ஒரு குடோனில் தறி ஓட்டினேன். எனக்கு ராத்திரி ஷிப்ட், வீட்டுக்காரிக்குப் பகல் ஷிப்ட். டீச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, புள்ள எதைக் கேட்டாலும் வாயே தொறக்க மாட்டேங்குது. ஒரு வாரம் நீங்க வந்து உக்காருங்க. அப்பவும் படிக்கலைன்னா இன்னொரு வருசம் ஒண்ணாப்புத்தானுங்க."

திங்கட்கிழமை போனேன். மூக்கொழுகி திரும்பிப் பார்த்தான்.

"டீச்சர், இந்த மாமா சிலேட்டு கொண்டாரலீங்க."

"மாமா பெயிலுங்களா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா கண்ணு. ரெண்டாப்புல," என்றேன். நிஜம் அதுதான்.

அந்த வாரம் இருபது வரை எண்கள். பிள்ளைகள் கூட்டாகக் கத்தினார்கள். என் மகள் வாயை மட்டும் அசைத்தாள். கரும்பலகையில் இருந்ததை எழுதச் சொன்னால் அவள் எழுத்துத்தான் அழகு. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை டீச்சர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பலகையில் எதுவும் இல்லை. "பதினொண்ணு," என்றார். மகள் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்தாள். பையன் மறைத்துக்கொண்டான். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பத்து விரல் காட்டி, பிறகு ஒன்று காட்டினேன். உடனே எழுதினாள்.

"என்னங்க, நீங்களே காப்பியடிக்கக் குடுக்கறீங்க?"

"இல்லீங்க டீச்சர். ஊட்டுல இப்படித்தானுங்க பேசுவோம்."

எங்கள் வீடு குடோனுக்குள்ளேயே ஒரு அறை. தறி ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவோம். டீ வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோவோம். அதெல்லாம் அவளுக்கு மூன்று வயதிலேயே அத்துப்படி. ஒரு தடவைகூடத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. பேச்சு மட்டும் குழறியது. நாக்குத் தடிப்பு என்றார்கள். வசம்பு தேய்த்தோம்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "கூப்பிட்டா திரும்புவாளுங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் நாங்கள் தோளைத் தொடுவோம்.

வியாழக்கிழமை டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மகளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். சத்துணவுத் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். பிள்ளைகள் எல்லாம் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். அவள் சுவரில் உரிந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பன் குரலுக்காவது திரும்புதான்னு பாக்கலாமுங்க. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. பக்கத்துல மட்டும் போயராதீங்க."

வாய்விட்டு அந்தப் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. கூப்பிட்டேன்.

"ஒண்ணு," என்றான் மூக்கொழுகி. விளையாட்டு என்று நினைத்தான்.

மறுபடியும் கூப்பிட்டேன். "ரெண்டு," என்றது வகுப்பு. டீச்சர் அதட்டவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றார். நான் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன், தறிச் சத்தத்தை மீறிக் கத்துகிற மாதிரி. அவள் சுண்ணாம்பை ஊதிவிட்டாள். நான் கூப்பிடக் கூப்பிட, பிள்ளைகள் அந்த வாரம் படித்ததை ஒழுங்காக, ஒரே குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

பதினேழு.