‘சாப்டீங்களா?’ என்று கேட்காத தெரு

1. ராசாத்தியின் சத்தம்

குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடம் இருக்கும். நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே தெருவெல்லாம் சத்தம். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ராசாத்தி, தன் அண்ணன் முருகேசனை வாசலில் நிறுத்தி வைத்து வாங்கிக்கொண்டிருந்தாள். முருகேசனின் மனைவி செல்வி முந்தின நாளே துணிமணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர்களுடைய அப்பாவுக்கு டிமென்ஷியா என்று திண்டுக்கல்லில் எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. ஆஸ்பத்திரி கிறிஸ்தவ ஆஸ்பத்திரி என்பதால், தாலி போட்டு இரண்டு பிள்ளை பெற்ற என்னையும் எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“எங்கப்பாவ அவ பட்டினி போட்டுக் கொல்லுறா சிஸ்டர்! சோறே போடலன்னு அப்பாவே சொன்னதா ஊரே சொல்லுது. இனி அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.”

“அவரு சாப்பிட்டத மறந்துர்றாரும்மா. அதுதான் நோயி.”

“நாளு கெழம மறக்கலாம். வயித்துக்குப் போட்டதக்கூடவா மனுசன் மறப்பான்? எங்கப்பா இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல.”

முருகேசனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. வருடக்கணக்காக மாமனாரைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, சோறு பிசைந்து கொடுத்த பெண் அவள். அவள் வாழ்க்கை அன்றைக்கு அந்த வாசலில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

எங்கள் பயிற்சிக் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. கேர்கிவர், ரெஸ்பைட் என்று நல்ல நல்ல சொற்கள். கேர்கிவர் என்றால் எங்கள் பக்கத்தில் மருமகள். ரெஸ்பைட் என்றால் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொஞ்ச நாள் ஓய்வு. மருமகள் ஓய்வுக்கு அம்மா வீடு போனால் ஊர் அதைச் சண்டை என்றுதான் சொல்லும். சரி, சண்டையாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“ராசாத்தி, நீ சொல்றதே சரின்னு வச்சுக்குவோம். செல்வி வர்ற வரைக்கும் அப்பாவ நீ பாத்துக்க.”

“பாத்துக்குறேன். பெத்த அப்பனுக்குச் சோறு போட எனக்கென்ன வலிக்குதா?”

2. அடுத்த வாரம்

மறுபடி போனபோது ராசாத்தி அடுப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், அடுத்த வீட்டுக் கிண்ணங்கள் இரண்டு. ஒன்றில் சோறு, ஒன்றில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம்.

“பக்கத்து வீட்ல கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க சிஸ்டர். நான் வயிறு நெறயாப் போட்டேன். கையக் கழுவிட்டு டீக்கடைக்குப் போனாரு. கடக்காரரு வழக்கம்போல ‘சாப்டீங்களா மாமா’ன்னிருக்காரு. ‘இல்லப்பா, பெத்த மகளே சோறு போட மாட்டேங்குறா’ன்னு சொல்லிட்டாரு. என்னையச் சொல்லிட்டாரு சிஸ்டர்!”

எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நம் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் முதலில் கேட்பது ‘சாப்டீங்களா’ என்றுதான். பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தப் பெரியவர் ஒருவர்தான் அதை நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டு, தன் நினைவில் இருந்ததை ஒளிக்காமல் சொல்லிவந்தார்.

சாயங்காலம் டீக்கடை வாசலிலேயே தெருக்காரர்களைக் கூட்டினேன். நோயைப் பற்றிச் சொல்லி, இனிமேல் அவரிடம் அதைக் கேட்காதீர்கள் என்றேன். டீக்கடைக்காரர் திகைத்துப்போனார்.

“ஆளப் பாத்த ஒடனே வேற என்னத்த சிஸ்டர் கேக்குறது?”

“மழையக் கேளுங்க. வாழ்நாள் பூராம் மானாவாரி வெள்ளாம பாத்தவரு. வாய் நிறையப் பேசுவாரு.”

“மழையா? அதுக்கும் இல்லன்னுதான் சொல்லுவாரு.”

“அது நெசந்தானேப்பா!” என்று பின்னால் இருந்து ஒருவர் சொல்ல, கடையே சிரித்தது.

ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள். “நாளைக்கு மதினியக் கூப்பிடப் போறேன். நீங்களும் வாங்க சிஸ்டர். எனக்குத் தனியாப் போக மூஞ்சி இல்ல.”

3. பஸ்ஸை விட்டு இறங்கியதும்

மறுநாள் செல்வியின் அம்மா வீட்டுக்குப் போனோம். ராசாத்தி “வா மதினி” என்றாள். செல்வி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவ்வளவுதான். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ராசாத்தி என்ன சொன்னாலும் போதாது என்று எனக்கே தோன்றியது.

ஊரில் இறங்கினால் டீக்கடை பெஞ்சில் பெரியவர். பக்கத்தில் ஆடு வாங்க வந்த வெளியூர் வியாபாரி. அவருக்கு எங்கள் ஏற்பாடு எப்படித் தெரியும்? மரியாதைக்குக் கேட்டுவிட்டார்.

“எங்க சாப்பிடுறது? மக போட்டாத்தானே?” என்றார் பெரியவர்.

வியாபாரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ராசாத்தி அப்படியே நின்றுவிட்டாள். செல்வி பையைக் கீழே வைத்தாள். மாமனாரின் வலது கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

“கருவாட்டுக் கொழம்பு வாசம் அடிக்குதுண்ணே. சாப்ட்டுட்டாரு. ராசாத்தி ஒருநாளும் அவருக்குச் சோறு போடாம இருக்க மாட்டா. அவருக்கு மறதி நோயி” என்றாள்.

செல்விக்காக அதுவரை ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. ராசாத்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் குற்றம் சொல்கிறவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவரும் பாசத்தில்தான் கத்துகிறார். கொஞ்ச நாள் அவரையே சோறு போடச் சொல்லுங்கள். அதுவரை நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவளைத் தூங்க விடுங்கள்.