இல்லாத தோட்டத்துக்குச் சொன்ன யோசனைகள்

நாமக்கல்லில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்த நல்லமுத்து இறந்துபோனார் என்ற செய்தி ஆடி கடைசியில் ஒரு காலை, நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வந்தது. சொல்ல வந்த ஆள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "மாஸ்டர் போயிட்டாருங்க" என்றான். என் வாயில் முதலில் வந்த கேள்வி, "யார் சொல்லியனுப்பினது?" என்பதுதான்.

"பெரியவருங்க. அவங்க அண்ணன்."

அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். சாவுச் செய்தி கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவன் என்று என்னைத் திட்ட வேண்டாம். அந்த அண்ணன் தம்பி சங்கதி தெரிந்தவர்கள் எல்லோரும் அன்று அப்படித்தான் மூச்சு விட்டிருப்பார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்லமுத்துவும் அவர் அண்ணன் சென்னியப்பனும் பாகம் பிரிந்து பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். புழக்கடைகளுக்கு நடுவே ஒரு கிளுவை முள்வேலி. அண்ணன் வீட்டு ஆடு ஒருநாள் அந்த வேலியைத் தாண்டிவந்து, தம்பி பிள்ளையைப் போல வளர்த்த கத்திரி நாற்றை ஒரு பாத்தி விடாமல் மேய்ந்துவிட்டது. நல்லமுத்துவுக்குப் பிள்ளை இல்லை; செடியைத் தொட்டால் பொறுக்க மாட்டார். வாய்ப்பேச்சு தடித்தது. கடைசியில் சென்னியப்பன், "இனி உன்ற வாசப்படி மிதிக்க மாட்டேன். உன்ற எழவுக்கும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபத்தில் யாரும் சொல்வதுதான். ஆனால் சென்னியப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். அதுதான் வினை.

பிள்ளையில்லாத நல்லமுத்துவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அந்த அண்ணனின் மகன். அண்ணன் வராவிட்டால் மகன் வரமாட்டான். மற்றப் பங்காளிகளும் தெருவிலேயே நின்றுவிடுவார்கள். நல்லமுத்துவின் மனைவி பாவாயி அம்மாளுக்கு இந்தக் கவலை நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

நான் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். கணக்கு வாத்தியார். என் வாடகை வீட்டு முற்றம் முழுக்கக் கல் பாவியது. ஒரு துளசிக்குக்கூட மண் கிடையாது. இது நல்லமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், மாலையில் நான் அவர் வீட்டுக்குப் போனால் புழக்கடையில் என்னை நிறுத்திவைத்து, நான் ஏதோ அடுத்த ஊரில் நிற்பதுபோல உரக்கச் சொல்வார்:

"ஏனுங் சார், சித்திரை முடியறதுக்குள்ள பூசணிக்குக் குழி எடுத்துப் போட்றோணுமுங்க. குழி வெயிலைக் குடிக்கட்டும். எருவை அப்பறமா போட்டுக்கலாம்!"

முதல் தடவை, "எனக்குத் தோட்டமே இல்லையே, சார்" என்றேன். அவர் என் காலை மிதித்தார். நல்ல மிதி. நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன். சிறிது நேரத்தில் அது மறுபடி கேட்டது. அங்கே குழி எடுக்கிறார்கள்!

அன்று முதல் நான் பெரிய தோட்டக்காரன் ஆனேன். ஆனியில் கத்திரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விடச் சொன்னார். ஆடியில் எடுத்து நடச் சொன்னார். பீர்க்கு, புடல், அவரை எல்லாம் ஆடியில் ஊன்றச் சொன்னார். ஐப்பசி மழையில் செடியின் காலடியில் தண்ணீர் நிற்கவிடாமல் வாய்க்கால் கீறச் சொன்னார். முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக இருக்கும்போதே தீப்பந்தம் காட்டச் சொன்னார். கோடையில் உச்சிவெயிலில் தண்ணீர் ஊற்றாதே, பொழுது சாய ஊற்று என்றார். உலக யுத்த காலத்தில் அரிசிக்கு வரிசையில் நின்ற ஊரில், வேலியின் இரண்டு பக்கமும் காய்க்குப் பஞ்சமில்லை.

அண்ணனும் சும்மா இருப்பவர் அல்ல. ஒரு மார்கழியில், வேலிக்கு அந்தப் பக்கம் தம் எருதைப் பார்த்து அவர் புலம்புவது கேட்டது. "அவரைப் பூவெல்லாம் அசுவினிப் பூச்சி மொய்க்குது. சாம்பல் தூவியும் போவ மாட்டேங்குது. என்ன பண்றதுன்னே தெரியலியே, சாமி!"

எருது என்ன சொல்லும்? நல்லமுத்து என் பக்கம் திரும்பினார். "ஏனுங் சார், உங்க அவரைக்கு வெயில் ஏறுன பொறகு சாம்பல் தூவுனா ஒட்டுமாங்க? விடிஞ்சதும் பனி ஈரத்தோட தூவோணும். இலைக்கு அடியிலயும் படோணும்!"

என் அவரை! நான் பவ்யமாகத் தலையாட்டினேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "இத்தனை பேசுகிறீர்களே, நேரே பேசினால் என்ன?" அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சொன்ன சொல்லு அவரோடதுங்க. நான் போயி அதை உடைச்சா, அண்ணன் தோத்துட்டாருன்னு ஊரு பேசும். வெதை மண்ணுக்குள்ள கெடக்கறப்ப தோண்டித் தோண்டிப் பாக்கப்படாதுங்க." தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். இங்கே இரண்டு தசையும் ஆடிக்கொண்டுதான் இருந்தன. நடுவில் நான் கல்தூண் போல நின்றேன்.

இந்த வருஷம் கோடையில் நல்லமுத்து படுத்துவிட்டார். நெஞ்சில் சளி, எழுந்து நிற்க முடியாத இளைப்பு. உள்ளறையிலிருந்து வேலிவரை அவர் குரல் போகாது. ஆனி பிறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நாத்து விடற நேரம். வேலிக்கிட்ட நின்னு நீங்க சொல்லிப்போடுங்க."

நான் போய் நின்றேன். யாரைப் பார்த்துச் சொல்வது? எருமை ஒன்று கட்டியிருந்தது. அதைப் பார்த்து, தொண்டை கிழிய, "ஆடியில் நாற்று விட்டு ஆனியில் எடுத்து நட வேண்டும்!" என்றேன். பதற்றத்தில் மாதத்தை மாற்றிப்போட்டுவிட்டேன். எருமை பேசாமல் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்தால் இருக்க முடியவில்லை.

"ஏனுங் வாத்தியாரே, ஆடி போயி ஆனி எப்பிடீங்க வரும்? நாத்து என்ன ஒரு வருசமா கெடக்கும்?" என்றது சென்னியப்பனின் குரல். பிறகு, "அவன் எங்க? நீங்க எதுக்குச் சொல்றீங்க?"

"படுத்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை" என்றேன்.

மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டது. கிளுவையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் கீறலோடு சென்னியப்பன் உள்ளே வந்தார். வாசற்படி முன்பக்கம் இருக்கிறது. அவர் வந்தது வேலி வழியாக. படி மிதிக்கவில்லை. சொல்லும் பிழைத்தது.

கட்டிலருகே நின்று தம்பியைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். "ஏன்டா, இந்த வருசம் என்ன வெதை போடறது?" என்றார்.

"பீர்க்கு போடுங்ணா" என்றார் நல்லமுத்து. அவர் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. பாவாயி அம்மாள் சமையலறைக்குள் போய்விட்டார்.

சென்னியப்பன் அதன்பிறகு அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. கஞ்சி ஊட்டினார், நெஞ்சைத் தடவிவிட்டார், சோறுகூட அவருக்கு வேலி வழியாகத்தான் வந்தது. ஆனாலும் பாவாயி அம்மாளுக்குப் பயம் தீரவில்லை. "நோவு பாக்க வந்தாருங்க, சரி. எழவுக்கு வரமாட்டேன்னுதானுங்க சொல்லு. உசுரு போனதும் எந்திரிச்சுப் போயிட்டாருன்னா?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. அதனால்தான் சாவுச் செய்தி வந்த காலை, யார் சொல்லியனுப்பினது என்று முதலில் கேட்டேன்.

நான் போனபோது சென்னியப்பன் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் மகன் ஈரவேட்டியோடு நின்றான். யாரோ ஒரு பெரியவர், பழைய சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, "என்ன சென்னியப்பா, வந்துட்டயே?" என்று கேட்டுவிட்டார்.

சென்னியப்பன் தலை நிமிரவில்லை. "நான் எங்க எழவுக்கு வந்தேன்? அவன் உசுரோட இருக்கறப்பவே வந்துட்டேன்" என்றார்.

நல்லமுத்துவிடமிருந்து என்னிடம் இருப்பது அதிகமில்லை. கருமாதி முடிந்து புறப்பட்டபோது பாவாயி அம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கைப்பிடி அவரை விதையைக் கொடுத்தார். வீட்டுக்காரரிடம் கெஞ்சி, முற்றத்தில் இரண்டு கல்லைப் பெயர்த்து ஊன்றியிருக்கிறேன். ஆடி தப்பிவிட்டது, ஆனாலும் முளைத்துவிட்டது. மார்கழி வந்தால் விடிந்ததும் பனி ஈரத்தோடு, இலைக்கு அடியிலும் படும்படி சாம்பல் தூவ வேண்டும். "உங்க அவரை" என்று அவர் ஊர் கேட்கச் சொன்னதெல்லாம் இனிமேல் பொய்யில்லை.