முகூர்த்தப் பட்டில் ஏறிய பூச்சி

போன தை மாதம், ஆரணியில் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது இது. நான் வீட்டில் வைத்துப் பட்டுப் புடவை வியாபாரம் செய்கிறேன். அன்று காலை கண்ணமங்கலத்திலிருந்து கல்யாணப் பெண், அவள் அப்பா, அத்தை மூவரும் முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஊட்டிப் பக்கம் போய், அனுமதி வாங்கி டிரவுட் மீன் பிடிப்பார். குழம்புக்காவது கொண்டுவருவாரா? திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்! பூந்தொட்டியைத் தூக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி ஓடுமே, அதற்குச் சொந்தக்காரப் பூச்சி ஒன்று வெளிநாட்டு ஓடைகளில் கல்லுக்கடியில் இருக்கிறதாம். டிரவுட்டுக்கு அது அல்வாவாம். வீடியோ பார்த்து, கழிவுப் பட்டு நூலைத் தூண்டில் முள்ளில் சுற்றி, அதே மாதிரி பொய்ப் பூச்சி செய்வார்.

அரக்குப் புடவை ஒன்று பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. முந்தானையைத் தடவிய அத்தை வீல் என்று கத்தினார்.

"இன்னாமா இது, பட்டுல பூச்சி! பழைய ஸ்டாக்க எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

எனக்கு உயிரே போய்விட்டது. பூச்சி அரித்த பட்டு என்று பேர் வந்தால் வியாபாரத்தையே நிறுத்த வேண்டியதுதான். அத்தை விசிறியால் ஒரு போடு போட்டார். பூச்சி சாகவும் இல்லை, ஓடவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள், புடவை விரித்திருந்த இதே பாயில் உட்கார்ந்து இவர் செய்த பொய்ப் பூச்சி அது! முள் பட்டுக்குள் இறங்கியிருந்தது. இழுத்தால் இழை அறுந்து புடவையே வீண்.

"ஏங்க, ஜல்தி வாங்க!" என்று அலறினேன். பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்தார்.

"அடிக்காதீங்க, அது என்னுதுங்க!"

குனிந்து, இரண்டு விரலால் பதமாகத் திருப்பி எடுத்தார். வெண்ணெயிலிருந்து வருவது போல வந்துவிட்டது. ஓர் இழைகூடப் பிரியவில்லை. தூண்டில் முள்ளில் பின்னோக்கி ஒரு சின்னக் கொக்கி இருக்குமாம். விடுவிக்கும்போது மீனின் வாய் கிழியும் என்று, அதை முன்பே குறடால் நசுக்கிவிடுவாராம்.

அத்தை கண்ணாடி போட்டு ஓட்டை தேடினார். கிடைக்காத கோபத்தில், பயந்ததற்குத் தள்ளுபடி கேட்டார். கொடுத்தேன். பெண்ணின் அப்பாவோ புடவையையே மறந்துவிட்டார். "இதுக்கு நம்ம ஏரி விரால் மாட்டுங்களா?" என்று இவரோடு உட்கார்ந்தவரைக் கிளப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏதோ ஒரு மீனுக்கு வலிக்கக் கூடாது என்று அவர் நினைத்ததுதான் அன்று என் பிழைப்பைக் காப்பாற்றியது. இப்படிப்பட்ட மனிதரோடா தினமும் சண்டை போடுகிறேன் என்று நினைத்தால், இன்றும் சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் வருகிறது.