வையம்பட்டியில் ஐந்து மணி நேரம்

போன மாதம் வையம்பட்டியில் மாட்டிக்கொண்டேன். காரில் சார்ஜ் இல்லை.

என் பழைய பெட்ரோல் காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் கொண்ட கிட் மாட்டி, எலெக்ட்ரிக் காராக மாற்றியிருக்கிறேன். ஆர்.சி. புக்கிலும் மாற்றியாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே வந்து பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போனது.

"ஏ.சி. போடாம ஓட்டினா நூறு கிலோமீட்டருக்கு மேல தாராளமா போகும் சார்" என்றார் மெக்கானிக். முதல் பாதியை நான் காதில் வாங்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, வையம்பட்டியில் என் அண்ணன் இருக்கிறார். விவசாயம். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, ஆபீஸில் வேலை என்று நான் போகவில்லை. அவர் சண்டை போடவில்லை... பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதிலிருந்து பொங்கலுக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம் போவேன். அரை மணி நேரம்தான். அண்ணி கொடுத்த காபியைக் குடித்ததும் "போயிட்டு வரேன்" சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு நல்ல வெயில். வழியெல்லாம் ஏ.சி. போய்ச் சேர்ந்தபோது பேட்டரி முப்பது சதவீதம். எப்படித் திரும்புவது?

"அண்ணே... சார்ஜ் போடணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு மணி நேரம்."

அண்ணன் எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினை நிறுத்தி, அந்த பிளக்கில் என் ஒயரைச் செருகினார். பாதி துவைத்த துணியை அண்ணி கையால் அலசினார்.

முதல் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். அப்புறம் கடலை விளைச்சல். சாப்பாடு. அதோடு பேச எதுவும் இல்லை. இரண்டு பேரும் காரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறப்ப வாசலையே பார்த்துட்டுப் போனேன்டா" என்றார் திடீரென்று. "நீ வந்துருவேன்னு நெனச்சேன்."

"வந்திருக்கணும்ண்ணே. தப்புதான்."

இதைச் சொல்ல எனக்கு மூன்று வருடமும் நாலு மணி நேரமும் ஆனது. சொன்னதும் அழுதுவிட்டேன். அவர் என் தோளைத் தட்டினார்.

பெட்ரோல் காராக இருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா? அந்நேரம் நான் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்பது பெரிய வசதி - அந்த வசதிதான் என்னை எங்கேயும் உட்கார விடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கார் சாவியைக் கையிலிருந்து கீழே வைக்கிறோமா, சொல்லுங்கள்?

விஷயத்தைக் கேட்டு மெக்கானிக் பதறிப்போனார். "பெரிய பேட்டரியா மாத்திடலாம் சார். ஒரே சார்ஜ்ல போயிட்டு வந்துரலாம்." யோசிக்கிறேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, மறுபடி வையம்பட்டி. அண்ணன் வழக்கம்போல "வா" என்றதோடு சரி. ஆனால் கார் நிறுத்தும் இடத்துச் சுவரில், சிமென்ட் பூச்சு இன்னும் காயாமல், புதிதாக ஒரு பதினைந்து ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் இருந்தது.

"நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு மூணு நாளா எலெக்ட்ரீஷியனை விரட்டிட்டு இருந்தாரு, தம்பி" என்றார் அண்ணி.

பெரிய பேட்டரி வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன்.