கடைசி வரிசைச் சிரிப்பு

எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கவரைப்பேட்டைப் பக்கம் இருந்த எங்கள் சபை மிகச் சிறியது. பெருக்குவது, மணியடிப்பது, பாடுவது, பிரசங்கம் எல்லாமே போதகர் ஒருவர்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் பாட்டில் சுதி விலகும்போதெல்லாம் சிரிப்பது என் வழக்கம்.

ஒரு ஞாயிறு காலை அவர் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“அண்ணே, அவரு ஊருக்கே போயிடலாம்னு பொட்டி கட்டிக்கினு கீறாரு. நீங்க சிரிச்சது காதுல உழுந்துச்சாம்.”

நேராக உள்ளே போய், “ஐயா, தப்பு என்னுதுதான். இன்னிக்குப் பாட்டு நான் பாடறேன்” என்றேன்.

“அடுத்த வாரம்?” என்று கேட்டார் போதகர்.

“அப்பவும் நான்தாங்கய்யா.”

பாடினேன். இரண்டாம் அடியிலேயே குரல் உடைந்து நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கமிருந்து செங்கல் சூளையில் வேலை செய்யும் ரோசம்மா அடியை எடுத்துக் கொடுத்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். போதகர் முதன்முறையாக எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் மனைவியிடம், “நாம எங்கயும் போவல” என்றார்.

அந்த மனிதரை எத்தனை ஞாயிறுகள் தனியாகப் பாட விட்டிருக்கிறோம் என்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.