மோட்டார் கொட்டகையின் இரண்டு பூட்டுகள்

காலை 5.40. திருச்சி பஸ் நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது, பெரம்பலூர் பஸ்ஸின் முன்கண்ணாடியை ஈரச் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர். துடைக்கத் துடைக்க மண் கோடு கோடாக இறங்கியது. தை மாதக் கடைசித் திங்கட்கிழமை. பனி விலகவில்லை. டிக்கெட் நாலு ரூபாய் அறுபது பைசா. ஜன்னலோரம் கிடைக்காததால் மூவர் இருக்கையின் நடுவில் உட்கார்ந்தேன். முதுகுவலிக்குப் போட்டிருந்த பிளாஸ்திரி சமயபுரம் தாண்டுவதற்குள் ஒரு மூலையில் கழன்றது.

இரண்டரை மாதத்தில் இதே வழியில் இது மூன்றாவது பயணம். கண்டக்டருக்கு முகம் பழகிவிட்டது.

"திரும்பவும் குன்னமா சார்? அங்க என்னதான் இருக்கு?"

"ஒரு கிணறு."

"ஒரு கெணத்தப் பாக்க மூணு தடவையா? தண்ணி இருக்குதில்ல?"

"தண்ணீர் இருக்கிறது."

"அப்பறம் என்ன," என்று அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பத்திரிகை மூடப்பட்ட பிறகு, நாற்பத்தொரு வயதில், தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்தேன். பாடத்தின் பெயர் சமாதானமும் பூசல் தீர்வும். வகுப்பில் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேருக்கும் என்னில் பாதி வயது. கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் நடப்பில் உள்ள ஒரு பூசலைக் கண்டுபிடித்து, இரு தரப்பையும் உட்காரவைத்து, எழுத்தில் ஓர் உடன்பாடு பெற வேண்டும். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கான படிவத்தில் ஒன்பது கட்டங்கள். ஒன்பதாவது கட்டம்: 'உடன்பாடு நிலைத்திருக்கிறதா? ஆம் / இல்லை.' அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பயணம். வியாழக்கிழமை ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள்.

7.25க்குப் பெரம்பலூர். பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு டீ. 8.10க்குக் குன்னம் வண்டி. டவுனைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல். பருத்தி எடுக்கும் பெண்கள் இடுப்பில் மடி கட்டி வரிசையாகக் குனிந்திருந்தார்கள். கதிர் அறுத்த சோளத்தட்டை நிலத்திலேயே நின்றது. கிணறு இருக்கும் இடத்தில் மட்டும் சதுரம் சதுரமாக வெங்காயப் பச்சை. கரண்டுக் கம்பம் போன திசையைப் பார்த்தே பச்சை எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

9.15க்குக் குன்னத்தில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். ஊரின் பெயரை எழுதுவதில்லை என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆட்களின் பெயரும் மாற்றப்பட்டிருக்கிறது.

இருவர் என்றால் ஓரகத்திகள். மூத்தவர் செல்லம்மாள், இளையவர் அஞ்சலை. அண்ணன் தம்பியான கணவர்கள் இருவரும் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போகிறவர்கள். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார்கள். நிலத்தை நடத்துவது பெண்கள். ஒரு கிணறு, ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று, ஆளுக்கு முக்கால் ஏக்கர் வெங்காயம். இருவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. 'பூசலின் காரணம்' என்ற கட்டத்துக்கு ஐந்து பதில்கள் கிடைத்தன, ஐந்தையும் எழுதிவைத்தேன்.

முதல் முறை போனபோது மோட்டார் கொட்டகைக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஆளுக்கு ஒன்று. இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வருவார்கள். முகம் பார்க்காமல் அவரவர் பூட்டைத் திறப்பார்கள். கொட்டகை நிழலில் கட்டியிருக்கும் செவலைக் கன்றிடம் செல்லம்மாள் சொல்வார்: "ஏண்டி செவலை, வாய்க்கா கடமடையில ஒடஞ்சு கெடக்கு. கண்ணு உள்ளவங்க பாத்துக்கட்டும்." அஞ்சலையும் கன்றிடமே பதில் சொல்வார்: "அவுங்க ஆடு மிதிச்சுதான் ஒடஞ்சுதுன்னு சொல்லு செவலை." என் குறிப்பேட்டில் அன்று எழுதியது: 'தொடர்பு முற்றிலும் அறுந்துள்ளது.'

இரண்டாம் முறை, பாடநூல் சொன்னபடி, இருவரையும் வேப்பமரத்தடியில் எதிரெதிரே உட்காரவைத்தேன். நடுவரான நான் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகக் கூடாது, அவர்களே நேரே பேச வேண்டும் என்பது நான்காம் விதி. நாற்பது நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு நான் எழுதிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பூட்டுக்குப் பதில் ஒரே பூட்டு. சாவி ராமலிங்கத்தின் டீக்கடையில். காலை முறை ஒருவருக்கு, மாலை முறை ஒருவருக்கு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பழைய பூட்டுகளைப் பல்கலைக்கழகத் துறைக்கு என்று கேட்டு வாங்கி, ஒன்றின் வளையத்தில் மற்றொன்றைக் கோத்துப் பூட்டி எடுத்துப்போனேன். வகுப்பில் கைதட்டினார்கள். பேராசிரியர் அவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, 'ஒரு பூசலின் முடிவு' என்று அட்டை எழுதி ஒட்டினார்.

9.50. டீக்கடையில் அந்தப் பொதுச்சாவி ஆணியில் தொங்கியது. பார்த்ததும் ஒன்பதாவது கட்டம் நிறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"சாவி இருக்கிறதே," என்றேன்.

"இருக்கும் சார்," என்றார் ராமலிங்கம், பாலை ஆற்றிக்கொண்டே. "நாலு நாளா அங்கேயேதான் இருக்கு. எடுக்க ஆளு வரணுமில்ல? மோட்டாரு எரிஞ்சு போச்சு."

டீயைக் குடித்து முடிக்கவில்லை.

கிணற்றடியில் வெங்காயத் தோகையின் நுனிகள் வெளுத்திருந்தன. பாத்திகளில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கொட்டகைக்கு இந்தப் பக்கம் செல்லம்மாள், அந்தப் பக்கம் அஞ்சலை. நடுவில் கன்று.

"வாங்க சார்," என்றார் செல்லம்மாள். "சமாதானம் பாக்க வந்தீங்களா? உள்ள கெடக்கு, போயிப் பாருங்க."

உள்ளே கருகிய வாடை. நடந்ததைக் கேட்டு வாங்க ஒரு மணி நேரம் ஆனது. வியாழக்கிழமை காலை அஞ்சலையின் முறை. மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் வரவில்லை, மோட்டார் முனகியது. அப்படி முனகும்போது ஓடவிட்டால் காயில் கருகும் என்பது அவருக்குத் தெரியும். உடனே நிறுத்தி, கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். மாலையில் செல்லம்மாள் சாவியை எடுத்துவந்து சுவிட்சைப் போட்டார். தண்ணீர் வராத வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று பார்க்க, அது முடியும் கடைமடைக்குப் போனார். திரும்புவதற்குள் கொட்டகையில் புகை.

"டீக்கடையிலாவது சொல்லி வைத்திருக்கலாமே?" என்று அஞ்சலையிடம் கேட்டேன்.

"தாள்ல எழுதலியே சார். சாவியக் குடுக்கணும்னுதான் எழுதியிருக்கு. முன்னல்லாம் பூட்டத் தொறக்கறப்ப நிப்பாங்க. செவலைகிட்டச் சொன்னா காதுல விழுந்துடும். இப்ப அவுங்க வர்ற நேரம் எனக்குத் தெரியாது, நான் வர்ற நேரம் அவுங்களுக்குத் தெரியாது. நான் யாருகிட்டச் சொல்றது?"

கன்று வைக்கோலை இழுத்தது. குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

மோட்டாரை அரியலூருக்குக் கொண்டுபோய்க் காயில் கட்ட வேண்டும். கொண்டுபோகிறவர் எரித்ததாக ஆகிவிடும் என்று இருவரும் நான்கு நாளாக அசையவில்லை.

"வியாழக்கெழம தாண்டினா தோகை மடங்கிடும் சார்," என்றார் செல்லம்மாள். "அப்பறம் மோட்டாரு வந்து என்ன, மழையே வந்து என்ன."

எனக்கு எப்படியும் அரியலூரில்தான் ரயில். நான் கொண்டுபோகிறேன் என்றேன். செல்லம்மாள் கொஞ்சம் யோசித்து, தானும் வருவதாகச் சொன்னார். அதைக் கேட்டு அஞ்சலை வீட்டைப் பூட்டப் போனார்.

12.40க்கு அரியலூர் பஸ். டீக்கடையில் இருந்த நான்கு பேர் மோட்டாரைக் கூரையில் ஏற்றினார்கள். காலியாக இருந்தது ஒரே ஒரு மூவர் இருக்கை. ஜன்னலோரம் அஞ்சலை, இந்த ஓரம் செல்லம்மாள், மறுபடியும் நடுவில் நான். டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் எண்பது.

கால் மணி நேரம் சாலையைப் பார்த்தோம். வெள்ளைத் தூசி பூசிய சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வரத் தொடங்கின.

"சார்," என்றார் செல்லம்மாள், நேரே பார்த்தபடி. "எங்க பூட்டு எங்க சார்?"

துறையில் கண்ணாடி அலமாரியில் இருப்பதாகச் சொன்னேன்.

"அலமாரியிலயா? அங்க எந்த மோட்டாரு இருக்கு?"

அஞ்சலை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "சார், மேக்கால நாலு பாத்தி ரொம்ப வாடிப் போச்சு. மோட்டாரு வந்தா மொத முறை அதுக்கு விடணும்னு சொல்லுங்க."

நான்காம் விதி எனக்கு மனப்பாடம். நீங்களே நேரே சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் இது. முதுகு வலித்தது. செல்லம்மாள் பக்கம் திரும்பி, "மேற்கே நாலு பாத்தி வாடியிருக்கிறதாம், முதல் முறை அதற்கு விட வேண்டுமாம்," என்றேன்.

"அந்த நாலு பாத்தி மேடு. வாடத்தான் செய்யும். விட்டுக்கட்டும். ஆனா மொத முறை அவுங்களுக்குன்னா, அடுத்தது தொடர்ந்து ரெண்டு முறை எனக்குன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"ஒன்ற முறைன்னு சொல்லுங்க."

சொன்னேன். அரியலூர் வருவதற்குள் பதினோரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினேன். முதல் முறை, அடுத்த ஒன்றரை முறை, வாய்க்கால் உடைப்பை யார் அடைப்பது, பேஸ் வராவிட்டால் கொட்டகைச் சுவரில் கரிக்கோடு போடுவது எல்லாம் முடிவாயிற்று. நடுவே ஒருமுறை நான் சொல்ல மறந்தபோது செல்லம்மாள், "செவலை மறக்காது சார்," என்றார்.

1.50. அரியலூரில் ரயிலடிக்குப் போகும் தெருவில் காதர் பாயின் பட்டறை. தகரக் கூரை, வார்னிஷ் வாடை, வரிசையில் நான்கு மோட்டார்கள். பாய் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"பேஸ் போயி ஓடியிருக்கு. சனிக்கெழம வாங்க."

"வியாழன்," என்றார்கள் இருவரும் ஒன்றாக. உடனே இருவரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள்.

பாய் இருவரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பயிரு?"

"வெங்காயம்," என்றேன்.

"அப்ப சரி. வியாழக்கெழம காலையில. அட்டையில யாரு பேரு எழுத?"

செல்லம்மாள் முந்தானையைச் சரிசெய்தார், அஞ்சலை வரிசையில் இருந்த மோட்டார்களை எண்ணினார். பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க யாரு சார் இவங்களுக்கு?"

"படிக்கிறேன். சமாதானம் பற்றி."

"அதுக்குப் படிப்பு இருக்கா? எத்தன வருஷம்?"

"இரண்டு வருஷம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது."

"இன்ஷா அல்லாஹ், முடிச்சிடுவீங்க."

சீட்டுப் புத்தகத்தில் ஒரே எண்ணை இரண்டு தாளில் எழுதிக் கிழித்து, ஆளுக்கு ஒன்று நீட்டினார். "இந்தாங்கம்மா. ரெண்டு சீட்டும் வந்தாத்தான் மோட்டாரு. ஒண்ணு மட்டும் வந்தா குடுக்க மாட்டேன். அப்பறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

இருவரும் தயங்காமல் வாங்கிக்கொண்டார்கள். எங்கே படித்தீர்கள் என்று பாயிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவர் அதற்குள் அடுத்த மோட்டாருக்குப் போயிருந்தார்.

5.10. குன்னம் பஸ்ஸுக்கு வழியனுப்ப நின்றேன். மோட்டார் மாட்டுகிற அன்றே பூட்டுகளும் வேண்டும் என்றார்கள்.

"இரண்டும் ஒன்றோடு ஒன்று பூட்டியிருக்கின்றன. சாவி கொடுத்தால் பிரித்து அனுப்புகிறேன்," என்றேன். பூட்டுகளை எடுத்துப்போன அன்று சாவிகளையும் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செல்லம்மாள் இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்தார். அஞ்சலையின் சாவி தாலிக்கயிற்று ஊக்கில் இருந்தது.

"சாவியெல்லாம் வேணாம் சார். அப்படியே அனுப்பி வைங்க," என்றார் அஞ்சலை. "நாங்க தொறந்துக்கறோம்."

"போயிட்டு வரோம் சார்," என்றார் செல்லம்மாள். வந்தபோது போலவே மூவர் இருக்கை கிடைத்தது. இரு ஓரத்திலும் அவர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் யாரும் வந்து உட்காரவில்லை. அதுதான் அன்றைக்குக் குன்னத்துக்குக் கடைசி பஸ் என்று கண்டக்டர் சொன்னார்.

அரியலூர் ரயில் நிலையத்தில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. படிவத்தை எடுத்தேன். 'தரப்பினர் பெயர்' என்ற கட்டத்தில், பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் என்று, கணவர்கள் இருவரின் பெயரையும் எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அடித்துத் திருத்தினேன். ஒன்பதாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். காரணம் எழுத ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். 'பின்னால் பார்க்க' என்று எழுதி, தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன். நாளை துறைக்குப் போய்ப் பேராசிரியரிடம் அலமாரிச் சாவியைக் கேட்க வேண்டும். எதற்கு என்று கேட்பார்.

திருச்சி பாசஞ்சர் 5.50க்குப் புறப்பட்டது. பூட்டுகளின் சாவிகள் இரண்டும் அந்த நேரத்தில் குன்னம் பஸ்ஸில் இருந்தன.